பிளவுக்குள் ஒளிந்திருந்த வளர்ச்சி: அண்ணப் பிளவோடு ரோமப் பாலிப்பும் கொண்டு பிறந்த ஒரு பெண் குழந்தை

பிறந்த 5ஆம் நாள் அந்தக் குழந்தையை எங்களிடம் கொண்டுவந்தார்கள். முதலில் பார்த்த இடத்தில் எழுதிக் கொடுத்த சீட்டில் ஒரே வரி இருந்தது: அண்ணப் பிளவு, 9 மாதம் கழித்து அறுவை சிகிச்சைக்கு வரவும். எழுதியதில் பிழை ஏதும் இல்லை. வாயின் மேற்கூரைதான் அண்ணம். அதன் பின்புற மென்பகுதியான மெல்லண்ணம் முழுவதும் பிளந்திருந்தது; எலும்புள்ள முன்பகுதியான வல்லண்ணத்தின் பின்பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் திறந்திருந்தது. உதடும் ஈறும் முழுமையாக இருந்தன. ஆனால் தாய்க்கு அந்த ஒரு வரி போதவில்லை. "பால் குடிக்கும்போது தொண்டையிலிருந்து ஏதோ ஒன்று மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, டாக்டர்" என்றார். இதை ஏற்கெனவே இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். பிளவு வழியாகத் தெரியும் மூக்குச் சதைதான் அது, பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

முதல் பார்வையில் எங்களுக்கும் எதுவும் அகப்படவில்லை. டார்ச் வெளிச்சத்தில் பிளவின் ஊடே மூக்கின் நடுச்சுவர் தெரிந்தது. இருபுறமும் ஈரச் சிவப்பாக மூக்கின் உட்சவ்வு தெரிந்தது. அவ்வளவுதான். இருந்தாலும் இரண்டு சங்கதிகள் உறுத்தின. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தால் மூச்சு கரகரத்தது. பால் கொடுத்தால் ஆக்சிஜன் அளவு 96இலிருந்து 84 வரை இறங்கியது. வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் இரண்டும் சரியாயின. அண்ணப் பிளவோடு மூச்சுத் திணறும் குழந்தையைப் பார்த்தால் கண் முதலில் தாடைக்குப் போகும். கீழ்த்தாடை சிறுத்து, நாக்கு பின்னோக்கி விழுந்து, அதனால் மூச்சு அடைபடும் பியர் ராபின் நிலைதான் வழக்கமான காரணம். இந்தக் குழந்தையின் தாடை இயல்பாக இருந்தது. இன்னொன்று, கர்ப்பத்தின் 32ஆம் வார ஸ்கேனில் பனிக்குட நீர் அதிகம் என்று குறித்திருந்தார்கள். தாய்க்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றதும் விட்டுவிட்டார்கள். கருவிலுள்ள குழந்தை பனிக்குட நீரை விழுங்கிக்கொண்டே இருக்கும். விழுங்கும் பாதையில் ஏதாவது அடைத்தால் நீர் தேங்கும்.

எச்சில் உறிஞ்சும் குழாயைத் தொண்டையின் பின்சுவரில் லேசாகத் தொட்டோம். குழந்தை ஓங்கரித்தது. அப்போது அது வந்தது. சுண்டுவிரல் பருமனில், நுனி உருண்டு, பிளவின் இடது விளிம்பை ஒட்டி நாக்கின்மேல் வழுக்கி வந்து நின்றது. வாய்க்குள் இருக்கும் எதுவும் பளபளப்பாக, ஈரச் சிவப்பாக இருக்கும். இதுவோ முன்கைத் தோலைப் போல வெளிறி, மங்கலாக இருந்தது. அதன்மேல் மெல்லிய பூனை முடிகள். பால் ஒட்டிக்கொண்டு படிந்து கிடந்தன. இரண்டு நொடிதான். குழந்தை விழுங்கியதும் மறுபடியும் மூக்கின் பின்புறத்துக்குள் போய் மறைந்துவிட்டது. தாய் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்துத் தலையசைத்தோம். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் அண்ணப் பிளவோடு வரும் குழந்தைகளுக்கான படிவத்தில் ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: வாய்க்குள் ஏதாவது வந்து வந்து போகிறதா?

கை வைக்கும் முன்

இப்படி ஒன்று எட்டிப் பார்க்கும்போது இடுக்கியால் பிடித்து ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாமே என்று தோன்றும். அதைச் செய்யவே கூடாது. அண்ணப் பிளவின் நடுவே, மூக்குத்தொண்டைக்குள் தொங்கும் ஒரு திரட்சி மூளையின் பிதுக்கமாகவும் இருக்கலாம். மண்டையோட்டின் அடித்தளத்தில் துளை இருந்து, அதன் வழியே மூளை உறையும் சில சமயம் பிட்யூட்டரி சுரப்பியும்கூட இறங்கி வந்திருக்கும். அதைக் கிள்ளினால் மூளைத் தண்டுவடத் திரவம் கசியும், மூளைக்காய்ச்சல் வரும், குழந்தையின் ஹார்மோன்களே தடுமாறிப்போகும். அழும்போது பெரிதாகிறதா, துடிக்கிறதா என்று பார்ப்பது படுக்கையருகில் செய்யக்கூடிய முதல் சோதனை. இது பெரிதாகவும் இல்லை, துடிக்கவும் இல்லை. முடி முளைத்த தோலும் வேறு திசையைக் காட்டியது. ஆனாலும் அந்த அடையாளங்களை நம்பிக் கத்தியை எடுப்பதற்கு நான் உடன்படமாட்டேன். முதலில் எம்.ஆர்.ஐ.

மயக்க மருந்து கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுப்பது இந்தக் குழந்தைக்கு ஆபத்து. எனவே வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, ஒருக்களித்த நிலையிலேயே தூங்க வைத்து எடுத்தோம். பச்சிளங்குழந்தை மருத்துவர் ஒருவர் சுவாசக் கருவிகளோடு அருகிலேயே நின்றார். படங்களில் 31 மி.மீ. நீளமும் 13 மி.மீ. அகலமும் கொண்ட திரட்சி தெரிந்தது. உள்ளே பெரும்பகுதி கொழுப்பு. அதன் காம்பு மெல்லண்ணத்தின் இடது பாதியின் மேற்பரப்பில், மூக்கின் பின்புறத்தையும் காதையும் இணைக்கும் நடுச்செவிக் குழாயின் வாய்க்குச் சற்று முன்னால் ஒட்டியிருந்தது. மண்டையோட்டின் அடித்தளம் முழுமையாக இருந்தது. பிட்யூட்டரி தன் இடத்தில் இருந்தது. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பட்டையில் கொழுப்புக் கட்டி இல்லை. இதைக் குறிப்பாகத் தேடினோம். முகத்தின் நடுக்கோட்டுப் பிளவும் பாலிப் எனும் தொங்கு சதை வளர்ச்சியும் மூளைக் கொழுப்புக் கட்டியும் சேர்ந்து வரும் பை நோய்க்குறி என்ற ஒன்று 1987இல் விவரிக்கப்பட்டிருக்கிறது. இதய ஸ்கேனும் குரோமோசோம் ஆய்வும் இயல்பாக இருந்தன.

இரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதத்தின் அளவையும் பார்த்தோம். பலவகைத் திசுக்கள் கலந்து வளரும் டெரட்டோமா கட்டியா என்ற கேள்வி எழும்போது இந்தப் பரிசோதனை உதவும். ஆனால் பிறந்த குழந்தைகள் எல்லோருக்குமே இது பல்லாயிரக்கணக்கில் இருக்கும். வாரங்கள் போகப் போகத்தான் இறங்கும். பெரியவர்களுக்கான அளவுகோலை வைத்துப் பார்த்த ஆய்வக அறிக்கை "மிக அதிகம்" என்று தடித்த எழுத்தில் வந்தது. தந்தை அதைக் கைபேசியில் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை. அந்த வயதுக்கு அது இயல்பான அளவுதான் என்பதை அறிக்கை அவர் கைக்குப் போவதற்கு முன்பே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

வளர்ச்சி முதலா, பிளவு முதலா

கருவின் 6ஆம் வாரத்தில் மேல்தாடையின் இருபுறமிருந்தும் அண்ணத் தட்டுகள் முளைக்கின்றன. முதலில் அவை நாக்கின் இருமருங்கிலும் கீழ்நோக்கித் தொங்கும். 7, 8ஆம் வாரங்களில் நாக்கு கீழே இறங்க, தட்டுகள் இரண்டும் மேலெழுந்து கிடைமட்டமாகி ஒன்றை ஒன்று நோக்கி வளரும். பிறகு முன்னிருந்து பின்னாக, 12ஆம் வாரத்துக்குள் ஒட்டிக்கொள்ளும். உள்நாக்கு கடைசியில் ஒட்டும். இந்தச் சில வாரங்களில் இடையே எது குறுக்கிட்டாலும் தட்டுகள் சந்திக்காது. ராபின் குழந்தைகளில் நாக்கே குறுக்கே நிற்கிறது. வாயையும் மூக்கையும் அடைத்து வளரும் டெரட்டோமாக்களோடு அண்ணப் பிளவு சேர்ந்து வருவதும் இப்படித்தான்.

முடி முளைத்த தோல் போர்த்திய இத்தகைய பாலிப், அதாவது ரோமப் பாலிப், வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அண்ணம் முழுமையாகவே இருக்கும். ஆகவே பாலிப் இருப்பதாலேயே அண்ணம் பிளந்தது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எங்கள் குழந்தையில் என்னை நம்ப வைத்தது பிளவின் வடிவம். வலது விளிம்பு நேராக ஓடியது. இடது விளிம்பில் அரைவட்டமாக ஒரு குழிவு இருந்தது; பாலிப்பை இழுத்து முன்னால் வைத்தால் அதன் உருண்டை நுனி அந்தக் குழிவில் முட்டை அச்சில் உட்காருவது போல உட்கார்ந்தது. தட்டுகள் எழுந்த வாரத்திலேயே அது அங்கே இருந்திருக்கிறது என்பது என் கணிப்பு. அறுவை சிகிச்சைக்கு இதில் ஒரு பயன் உண்டு. பிளவு அகலமாகத் தெரிந்தாலும் திசு குறைவில்லை, ஒதுக்கித் தள்ளப்பட்டிருக்கிறது. குழந்தை வளர வளர, தடை நீங்கிய பிறகு விளிம்புகள் கொஞ்சம் நெருங்கி வரவும் கூடும்.

எனவே இரண்டையும் ஒரே அமர்வில் செய்யும் யோசனையைக் கைவிட்டோம். பச்சிளங்குழந்தையின் அண்ணத்தைத் தைத்தால் மூச்சுப்பாதை இன்னும் குறுகும். பாலிப்பை விட்டுவைத்தாலோ ஏதாவது ஓர் இரவில் அது குரல்வளை வாசலில் போய் உட்காரும். முதலில் மூச்சு, அடுத்து வளர்ச்சி இன்னதென்ற தெளிவு, கடைசியில் பிளவு என்று வரிசை வகுத்தோம்.

முதல் அறுவை: 12ஆம் நாள், 2.8 கிலோ

இந்த அறுவையின் கடினமான பகுதி கத்தி எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மயக்கவியல் மருத்துவர் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, செவோஃப்ளூரேன் வாயுவால், தானாக மூச்சு விடும் நிலையிலேயே மெல்ல மயக்கினார். தசையைத் தளர்த்தும் மருந்தை முன்கூட்டியே கொடுத்திருந்தால் பாலிப் பின்னால் விழுந்து, முகமூடி வழியாக எவ்வளவு காற்று அழுத்தினாலும் போகாமல் போயிருக்கும். மூச்சுக்குழாயைக் கழுத்தில் திறக்க வேண்டிய கருவிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, கையுறை மாட்டி நான் பக்கத்தில் நின்றேன். குரல்வளையைத் திரையில் காட்டும் வீடியோ லாரிஞ்சோஸ்கோப்பை நுழைத்தபோது திரையில் முதலில் தெரிந்தது பாலிப்தான். ஈரத் துணி சுற்றிய விரலால் அதை வலப்பக்கம் ஒதுக்கினேன், குரல் நாண்கள் தெரிந்தன, 3.0 மி.மீ. மூச்சுக் குழாய் ஒரே முயற்சியில் உள்ளே போனது. குழாய் சரியான இடத்தில் இருப்பதைக் காட்டும் கரியமில வாயுவின் அலை திரையில் எழுந்ததும் அறையில் இருந்த எல்லோரும் மூச்சு விட்டோம்.

மீதி 25 நிமிட வேலை. பாலிப்பின் நுனியில் ஒரு தையல் போட்டு முன்னால் இழுத்தோம். பிளவு இருந்தது இங்கே எங்களுக்கு வசதியாயிற்று. முழு அண்ணத்தோடு பிறந்திருந்தால் மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டுக் காம்பைத் தேட வேண்டியிருக்கும். 5 மி.மீ. அகலக் காம்பை இருமுனை மின்கருவியால் சுட்டு, அடியோடு வெட்டினோம். அடி என்பதில் கவனம் வேண்டும். மேலோட்டமாக வெட்டினால் தோல் மிச்சம் இருந்து திரும்ப வளரும். ஆழமாகத் தோண்டினால் அண்ணத்தைத் தூக்கும் தசை அறுபடும். அந்தத் தசைதான் 10 மாதம் கழித்து எங்களுக்கு வேண்டியது. சளிச்சவ்வின் கீழ்த்தளத்தோடு நிறுத்தினோம். இரத்த இழப்பு 3 மி.லி.க்கும் குறைவு. மறுநாள் காலை குழாயை எடுத்தோம். மல்லாக்கப் படுத்தும் குழந்தை சத்தமின்றித் தூங்கியது.

திசு அறிக்கை எதிர்பார்த்தபடியே இருந்தது. வெளியே முடிக்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் உள்ள முழுமையான தோல். உள்ளே கொழுப்பு, சிறிது வரித்தசை, நடுவில் குருத்தெலும்பின் ஒரு தீவு. கருவின் மூன்று படலங்களில் புறப்படலமும் இடைப்படலமும் மட்டுமே. உட்படலத் திசு இல்லை, நரம்புத் திசு இல்லை, முதிராத செல்கள் இல்லை. மூன்று படலங்களும் இருந்திருந்தால் டெரட்டோமா என்று எழுதி, இரத்தப் பரிசோதனைகளை மாதாமாதம் தொடர்ந்திருப்போம். இது ரோமப் பாலிப். பெண் குழந்தைகளிடமே அதிகம் வருவது, இடப்பக்கம் விரும்பி வருவது, முழுமையாக எடுத்தால் திரும்பாதது. உள்ளே இருக்கும் குருத்தெலும்பைப் பார்த்து, வழிதவறி முளைத்த காது மடல் போன்றது இது என்று கருதுவோரும் உண்டு. எனக்கு அந்தப் பார்வை பிடித்திருக்கிறது. பெற்றோரிடம் பேசும்போது அது கைகொடுக்கவும் செய்தது. "கட்டி" என்ற சொல்லைக் கேட்டதுமே அவர்கள் காதில் புற்றுநோய் என்றுதான் விழுகிறது. வேறு இடத்தில் முளைக்க வேண்டிய தோல் இங்கே முளைத்துவிட்டது என்றபோது தந்தையின் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன்.

இடைப்பட்ட மாதங்கள்

பிளவு இருக்கும்வரை குழந்தையால் உறிஞ்ச முடியாது. வாய்க்குள் வெற்றிடம் உண்டாகாது. பிழிந்து கொடுக்கும் மென்மையான பாட்டிலில், தலையை நிமிர்த்தி வைத்து, தாய்ப்பாலைக் கொடுத்தார்கள். எடை 4ஆம் மாதம்வரை மெதுவாகத்தான் ஏறியது; பிறகு ஓடியது. பாலிப் எடுத்த இடத்தை 3ஆம் மாதம் எண்டோஸ்கோப்பில் பார்த்தோம்: வெண்மையான சிறு வடு, வேறொன்றும் இல்லை.

எப்போது அண்ணத்தைத் தைப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. 2023இல் வெளியான டாப்ஸ் ஆய்வு 558 குழந்தைகளை 6 மாதத்தில் தைப்பவர்கள், 12 மாதத்தில் தைப்பவர்கள் என்று பிரித்துப் பார்த்தது. 5 வயதில் பேசும்போது மூக்குப் பாதையை அண்ணம் போதிய அளவு மூடாதவர்கள் முதல் குழுவில் 8.9 சதவீதம், இரண்டாம் குழுவில் 15 சதவீதம். ஆகவே 6 மாதத்திலேயே செய்துவிடலாம் என்றார் இளைய மருத்துவர் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் வேறு சிக்கல் இல்லாத, தனி அண்ணப் பிளவுக் குழந்தைகள். எங்கள் குழந்தைக்கு மெல்லண்ணத்தின் மேற்பரப்பில், மூக்குப் பக்கத் தையல் விழவேண்டிய இடத்திலேயே ஒரு வடு. 6ஆம் மாதம் தொட்டுப் பார்த்தபோது அது இன்னும் விறைப்பாக இருந்தது. 9ஆம் மாதம் இளகியிருந்தது. பிளவின் அகலமும் 13 மி.மீ.யிலிருந்து 10 மி.மீ.யாகக் குறைந்திருந்தது. 10ஆம் மாதம், 8.1 கிலோ எடையில் செய்தோம்.

இரண்டாம் அறுவை: அண்ணத்தை மூடுதல்

1819இல் பாரிஸில் ஃபிலிபேர் ரூ, ஜான் ஸ்டீவன்சன் என்ற மருத்துவ மாணவரின் மெல்லண்ணத்தைத் தைத்தார். மயக்க மருந்தே இல்லாத காலம். மாணவர் விழித்திருந்து வாயைத் திறந்து பிடித்தார். ஸ்டீவன்சன் அடுத்த ஆண்டே தன் ஆய்வேட்டில் அதை எழுதினார். அவர் தன் மூச்சைத் தானே பார்த்துக்கொண்டார். 10 மாதக் குழந்தையிடம் மூச்சுக் குழாயும் நம் கத்தியும் ஒரே சிறு வாய்க்குள் இடம் கேட்கின்றன. கீழ்நோக்கி வளைந்த குழாயை நாக்கின் நடுவில் படிய வைத்து, டிங்மன் கருவியால் வாயைத் திறந்தோம். நாக்கு நசுங்கி வீங்காமலிருக்க முக்கால் மணிக்கு ஒருமுறை கருவியைத் தளர்த்தினோம்.

முதலில் காதுகள். இரண்டு காதிலும் நீர். இடது காதில் பசை போலக் கெட்டியாக இருந்தது. நடுச்செவிக் குழாயின் வாயை ஒட்டியே பாலிப் வளர்ந்ததால் அதில் வியப்பில்லை. இரு செவிப்பறைகளிலும் சிறு குழாய் பொருத்தினோம்.

அண்ணம் மூக்கையும் வாயையும் பிரிக்கும் திரை மட்டும் என்று நினைத்தால் ஓட்டையை அடைப்பதோடு வேலை முடிந்துவிடும். ஆனால் ஓட்டையை அடைப்பதால் மட்டும் பேச்சு வந்துவிடாது. இயல்பான மெல்லண்ணத்தில் அதைத் தூக்கும் தசைகள் இருபுறமிருந்தும் வந்து நடுவில் கைகோத்து ஒரு தூளி போலக் கட்டியிருக்கும். பிளவுள்ள குழந்தையில் அவை குறுக்கே ஓடாமல் முன்னோக்கி ஓடி, வல்லண்ணத்தின் பின்விளிம்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை அங்கிருந்து விடுவித்து, பின்னுக்குத் திருப்பி, நடுவில் சேர்க்க வேண்டும்.

இசட் வடிவில் வெட்டிய மடிப்புகளை இடம் மாற்றித் தைக்கும் ஃபர்லோவின் இரட்டை இசட் முறையைச் செய்யலாமா என்று கடைசிவரை யோசித்தேன். அண்ணத்தை நீளப்படுத்துவதில் அது மிக நல்ல முறை. ஆனால் மூக்குப் பக்கத்து மடிப்புகளில் ஒன்றின் நுனி சரியாக அந்தப் பழைய வடுவின்மேல் விழும். நுனிக்கு இரத்தம் போகாவிட்டால் அங்கேயே ஓட்டை. எனவே மூக்குப் பக்கச் சவ்வை நேர்கோட்டில் தைத்துவிட்டு, அறுவை நுண்ணோக்கியின் கீழ் தசைகளை முழுமையாக விடுவிக்கும் சாமர்லாட் முறைக்குப் போனோம். 12 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கையில் வலது தசை ரோஜா நிறத்தில் தடித்திருந்தது. இடது தசை அதில் பாதிதான் இருந்தது. வடுவுக்கு நேர் கீழே அதன் சில இழைகள் வெளிறி, சவ்வோடு ஒட்டிக் கிடந்தன. முன்பு அடியில் தோண்டாமல் நிறுத்தியதற்கு அந்த இடத்தில் நன்றி சொன்னேன். ஒவ்வோர் இழையாகப் பிரித்தெடுக்க 40 நிமிடம் ஆயிற்று. இரண்டையும் பின்னால் கொண்டுவந்து, வலுவான வலது தசை நடுக்கோட்டைத் தாண்டி இழுத்துவிடாதபடி இழுவிசை பார்த்து, மூன்று தையல் போட்டோம். வல்லண்ணத்தை லாங்கன்பெக் முறையில், பக்கவாட்டுக் கீறல்கள் மூலம் தளர்த்தி மூடினோம்.

அன்று இரவு வலிக்குப் பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் போதுமானதாக இருந்தன. கோடீன் கொடுப்பதில்லை, சில குழந்தைகளின் உடல் அதை வேகமாக மார்ஃபினாக மாற்றி மூச்சையே அடக்கிவிடும் என்பதால் 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 12 வயதுக்குட்பட்டோருக்கு அதை விலக்கிவிட்டது. இரண்டாம் நாள் கரண்டியில் பால் குடித்துவிட்டு வீடு போனாள்.

பின்தொடர்தல்

மூன்றாம் வாரம் வல்லண்ணமும் மெல்லண்ணமும் சேரும் இடத்தில் 2 மி.மீ. ஓட்டை ஒன்று தெரிந்தது. பால் சில சமயம் இடது மூக்கில் வந்தது. பெற்றோரைவிட எனக்குத்தான் அந்த வாரங்கள் நீளமாக இருந்தன. மறுபடி தைக்க அவசரப்படாமல் காத்திருந்தோம். மூன்றாம் மாதத்தில் தானாகவே சுருங்கி மூடிக்கொண்டது. பாலிப் எடுத்த இடத்தை 18ஆம் மாதம் மீண்டும் பார்த்தோம். எதுவும் வளரவில்லை.

அறுவைக்கு முன் அவள் மழலையில் "ம்மா", "ங்ங" மட்டுமே இருந்தன. மெல்லினத்துக்கு மூக்கு இடம் என்று நம் இலக்கணம் சொல்கிறது. அண்ணம் பிளந்திருந்தாலும் அந்த ஒலிகள் வரும். ப, த, ட, க வேண்டுமானால் வாய்க்குள் காற்று அழுத்தம் ஏற வேண்டும், மூக்குப் பாதை மூட வேண்டும். "பா" என்று அவள் சொல்ல முயன்றதெல்லாம் "மா" என்றே வெளிவந்தது. 14ஆம் மாதம் ஒரு நாள் தந்தை ஒலிப்பதிவு ஒன்று அனுப்பினார். அதில் தெளிவாக ஒரு "ப்பா" இருந்தது. பின்னணியில் தாயின் சிரிப்பும் கேட்டது.

இப்போது அவளுக்கு இரண்டரை வயது. சென்ற வாரம் பேச்சுப் பயிற்சியாளர் அவளை மடியில் வைத்துக்கொண்டு மூக்குக்குக் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்தார். "மாமா" என்றாள், கண்ணாடியில் ஆவி படர்ந்தது. துடைத்துவிட்டு "பாப்பா" சொல்லச் சொன்னார். கண்ணாடி தெளிவாகவே இருந்தது. "தாத்தா"வும் அப்படியே. "கக்கா" என்றபோது இடது மூக்குத் துளைக்குக் கீழே நகக்கண் அளவுக்கு லேசாக ஆவி படிந்தது. மெலிந்த இடது தசை அங்கே இன்னும் முழுமையாக எட்டவில்லை. ககர ஒலிப் பயிற்சியை வாரம் இருமுறை தொடர்கிறோம். 4 வயதில், ஒத்துழைக்கும் அளவு வளர்ந்த பிறகு, மூக்கு வழி எண்டோஸ்கோப்பில் அண்ணம் மூடுவதை நேரில் பார்த்து, மேற்கொண்டு ஏதாவது தேவையா என்று முடிவு செய்வோம்.